செம்பியன் மாதேவியார்

சென்னையினின்று மேற்கே செல்லும் இருப்புப்பாதையில், அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில் என்னும் பழம்பதி உளது. மின்சார இரயிலில் அவ்வூரை நாடோறும் கடந்து செல்வோர் பலர். ஆங்குள்ள மாசிலாமணியீசர் கோயிற் கல்வெட்டுக்களுள் ஒன்று, ஆயிரம் ஆண்டுகட்கு முன்னர்ச் சோழ அரசியார் ஒருவர் அக்கோயிலுக்கு நிலம் அளித்த செய்தியை உரைக்கின்றது. அவ்வரசியாரே செம்பியன் மாதேவியார்.

உரோமாபுரிச் சரித்திரம் பயின்றோர் கொர்நேலியா அம்மையாரை அறிவர். அவர் சிப்பியோவின் மகளார்; கிராக்கஸ் சகோதரரின் தாயார். இளமையிற் கணவனை இழந்து, மறுமணம் வேண்டிய எகிப்து மன்னனையும் மறுத்து, மக்களைப் பேணி வளர்த்தவர். இன்னாரின் மகள், இன்னாரின் தாய் என்றே அவர் பெயர் சிலைப்பீடத்திற் பொறிக்கப்பட்டது. நம் அரசியாரும் அவ்வாறே மழவரையர் மகளார், கண்டராதித்தர் தேவியார், உத்தமசோழரைப் பெற்ற தாயார் என்று கல்வெட்டுக்களிற் குறிக்கப்பெறுகின்றார். எனினும் இவ்விருவர் வாழ்வும் முடிவில் வேறுபட்டன. அவ்வேறுபாட்டையே ஈண்டு நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற் பராந்தகனின் மைந்தராகிய கண்டராதித்தர் ஏறத்தாழ 950 முதல் 957 வரை ஆண்டவர். ஒன்பதாந் திருமுறையில் இவர் பாடிய பதிகம் இடம்பெற்றுள்ளது. இவர் மறைந்த காலத்து மகன் மதுராந்தகன் இளங்குழவி. ஆதலின் அரசுரிமை தம்பி அரிஞ்சயனையும், பின்னர் அவன் மகன் சுந்தரசோழனையும் அடைந்தது. மகனுக்கு உரிய அரியணையிற் பிறர் வீற்றிருப்பதைக் கைம்பெண்ணான தாய் ஆண்டுகள் பல கண்டிருந்தார்.

சுந்தரசோழன் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டான். கொலையிற் பங்குகொண்டோர் பெயர்களை உடையார்குடிக் கல்வெட்டு கூறும். அதன்பின் மதுராந்தகன் உத்தமசோழன் என்னும் பெயரோடு முடிசூடினமையால், வரலாற்றாசிரியர் சிலர் அவன்மீதே ஐயங்கொண்டனர். திருமுல்லைவாயிலுக்கும் மேற்கே, அதே இருப்புப்பாதையில் உள்ள திருவாலங்காட்டிற் கிடைத்த செப்பேடுகளோ வேறொரு செய்தி தருகின்றன. குடிகள் வேண்டியும், சிற்றப்பன் நாட்டை விரும்புந்துணையும் தான் முடிசூடேன் என்று சுந்தரசோழன் இளைய மகன் அருண்மொழி விலகி நின்றான். உத்தமசோழனும் அருண்மொழியையே தன் இளவரசனாக்கினான். 985-ஆம் ஆண்டு அரியணை ஏறிய இராசராசன் இவனே.

அரசுரிமை கைமாறிய அக்காலமெல்லாம் மாதேவியார் இயற்றிய பணி யாது? செங்கல்லால் அமைந்த பழைய கோயில்களைக் கருங்கல்லாற் புதுப்பித்தலேயாம். கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், விருத்தாசலம், குத்தாலமாகிய திருத்துருத்தி, ஆடுதுறை, திருக்கோடிகா முதலியன அவற்றுட் சில. திருநல்லத்துக் கோயிலைக் கணவர் பெயராற் கட்டுவித்து, அவர் இறைவனை வழிபடும் வடிவத்தையும் கல்லிற் செதுக்குவித்தார். அதனைக் கட்டிய சாத்தன் குணபட்டனுக்குப் பட்டம் அளித்துச் சிறப்புச் செய்தார். திருக்கோடிகாவிற் பழஞ்சுவர்களைப் பிரிக்குங்கால், அவற்றிலிருந்த முன்னோர் சாசனங்களைப் படியெடுத்துப் புதுச்சுவரிற் பொறிப்பித்தார். பல்லவரும் பிறரும் செய்த அறங்களை அழியவிட்டுத் தம் பெயரை மட்டும் நிறுத்த அவர் எண்ணினாரல்லர். இச்செயலொன்றே அவருள்ளத்தை நமக்கு நன்கு காட்டுகின்றது.

நாகப்பட்டினத்துக்கு அருகே அவர் பெயராலேயே வழங்கும் ஊர் ஒன்றுண்டு. அங்குள்ள கோயிலில் அம்மையார் பிறந்த கேட்டைத் திருநாளைக் கொண்டாட, உத்தமசோழன் தேவியர் அறக்கட்டளை வைத்தனர். மாமியார்பால் மருகியர் கொண்ட இவ்வன்பு நகோமியையும் ரூத்தையும் நம் நினைவிற்குக் கொணர்கின்றது. உத்தமசோழன் மகனுக்குப் பாட்டனார் பெயரே இடப்பட்டது. கண்டராதித்தன் என்னும் அப்பேரன் தந்தைக்குப்பின் அரசு வேண்டிப் போர் தொடுத்தானல்லன். இராசராசன்கீழ்க் கோயிற் காரியங்களைக் கண்காணிக்கும் அதிகாரியாய்ப் பணிபுரிந்தான். மாதேவியாரும் இராசராசன் ஆட்சியைக் கண்டு, ஏறத்தாழ 1001 வரை வாழ்ந்தார். பின்னர், 1019-ஐ ஒட்டி, இராசராசன் மகன் இராசேந்திரன் அவ்வூர்க் கோயிலில் அவர் திருவுருவத்தை நிறுவி வழிபாட்டுக்கு நிவந்தமும் அளித்தான்.

இராசேந்திரன் யார்? கொலையுண்ட ஆதித்தனின் தம்பி மகன். உத்தமசோழன்மீது ஐயங்கொள்ள எவருக்கேனும் உரிமை இருந்ததாயின், அஃது அக்குடும்பத்தார்க்கே இருந்தது. அவர்களே அவன் தாய்க்குத் திருவுருவம் எடுத்தனர். மகன் குற்றமுடையனோ அல்லனோ என்பதைக் கற்கள் உரைத்தில. தாயின்பால் அக்குடும்பம் வைத்த மதிப்பை அவை ஐயமின்றி உரைக்கின்றன.

கொர்நேலியாவின் மக்கள் இருவரும் உள்நாட்டுக் கலகத்தில், கி.மு. 133-லும் 121-லும், மாண்டனர். செம்பியன் மாதேவியாரின் குடும்பமோ, பகை மூளத்தக்க காரணம் பலவிருந்தும், பிளவுபடாது நின்றது. அதன் பயனாகவே சோழப் பேரரசு ஓங்கிற்று எனலாம். குடும்பங்களில் உரிமையும் சொத்தும் பற்றிய வழக்குகள் மலிந்துள்ள இந்நாளில், தமக்குக் கிட்டாததை எண்ணிப் புழுங்காது, தம் கைக்கு எட்டிய நற்பணியைச் செய்து உறவைக் காத்த இவ்வம்மையாரின் வாழ்வு நமக்கு நல்லதொரு பாடமாம். அடுத்த முறை திருமுல்லைவாயிலைக் கடக்கும் நண்பர்கள் சற்று இறங்கி, அக்கோயிற் சுவரருகே நின்று இதனை எண்ணிப் பார்ப்பாராக.