பிராங்க் மலினா

பிராங்க் ஜோசப் மலினா (அக்டோபர் 2, 1912 - நவம்பர் 9, 1981) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஏவூர்திப் பொறியியலாளரும் ஓவியரும் ஆவார். ஒளியையும் இயக்கத்தையும் இணைத்துப் படைக்கப்படும் இயங்கு ஒளிக்கலையின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமையும் ஏவூர்தி ஆய்வும்

மலினா டெக்சாஸ் மாநிலத்தின் பிரென்ஹாம் நகரில், செக் நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். 1920 முதல் 1925 வரை பெற்றோருடன் செக்கோஸ்லோவாக்கியாவில் வாழ்ந்தார். 1934 இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்றபின் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். 1936 இல் அங்கு சில நண்பர்களுடன் ஏவூர்திச் சோதனைகளைத் தொடங்கினார். இம்முயற்சியே பின்னர் ஜெட் உந்துகை ஆய்வகமாக வளர்ந்தது. 1942 இல் ஏரோஜெட் நிறுவனத்தை நிறுவியவர்களுள் இவரும் ஒருவர். இவர் தலைமையில் உருவான வாக் கார்ப்பரல் ஏவூர்தி, 1945 இல் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் உயரத்தை எட்டியது.

யுனெஸ்கோவும் வழக்கும்

ஏவூர்திகள் அணுவாயுதங்களைச் சுமக்கும் கருவிகளாவதை மலினா விரும்பவில்லை. 1947 இல் பாரிஸ் சென்று யுனெஸ்கோ நிறுவனத்தின் அறிவியல் பிரிவில் பணியேற்றார். கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்ததைப் பழைய படிவமொன்றில் மறைத்தார் என 1952 இல் அமெரிக்க அரசு அவர்மீது குற்றஞ்சாட்டியது. தாய்நாடு திரும்பினால் கைதாகும் நிலை ஏற்பட்டது. 1953 இல் யுனெஸ்கோவிலிருந்து விலகி, முழுநேர ஓவியரானார். குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஏரோஜெட் பங்குகளால் கிடைத்த பணம் கலைவாழ்வுக்குத் துணைநின்றது. இவ்வாறு, அவர் விட்டு விலகிய ஏவூர்தித் துறையே அவருடைய கலையைத் தாங்கியது.

ஒளிப் படைப்புகள்

1950களின் நடுப்பகுதியில் மலினா மின்விளக்குகளைத் தம் படைப்புகளில் சேர்க்கத் தொடங்கினார். 1956 இல் லூமிடைன் என்னும் முறையை உருவாக்கினார். இதில் நான்கு பகுதிகள் உள்ளன:

* பெட்டியின் பின்புறத்தில் பொருத்தப்பட்ட மின்விளக்குகள்
* மின்னோடியால் மெதுவாகச் சுழலும், வண்ணம் தீட்டிய ஒளிபுகும் தட்டு
* அதன் முன் அசையாது நிற்கும், வண்ணம் தீட்டிய மற்றொரு தட்டு
* ஒளியைப் பரப்பிக் காட்டும் முன்திரை

சுழலும் தட்டும் நிலையான தட்டும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், திரையில் தோன்றும் உருவங்களும் நிறங்களும் இடையறாது மாறுகின்றன. 1965 இல் ஆக்ஸ்போர்டிலுள்ள பெர்கமான் பதிப்பகத்திற்காக இவர் அமைத்த காஸ்மாஸ் என்னும் பெரிய சுவர்ப்படைப்பு குறிப்பிடத்தக்கது.

லியோனார்டோ இதழ்

கலைஞர்கள் தம் படைப்புமுறைகளை, அறிவியலாளர்கள் ஆய்வுக்கட்டுரை எழுதுவதுபோல், தாமே விளக்கி எழுதவேண்டும் என்பது மலினாவின் கருத்து. இதற்காக 1968 இல் லியோனார்டோ என்னும் ஆய்விதழைத் தொடங்கி, இறுதிவரை அதன் ஆசிரியராக இருந்தார். கலையையும் அறிவியலையும் இணைக்கும் அவ்விதழ் அவருக்குப் பின்னரும் வெளிவருகிறது. மலினா 1981 இல் பாரிசை அடுத்த புலோன்-பியான்கூரில் காலமானார்.