மருத்துவ மேதை சுப்பாராவ்

மேற்கே ஓடிக் கடலிற் கலந்த பேரியாற்று நீர், மலையைக் குடைந்து நம் மதுரைச் சமவெளிக்குத் திருப்பப்பட்டது 1895ஆம் ஆண்டில் என்பதை நாமறிவோம். அதே ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் ஆந்திர நாட்டுப் பீமாவரத்திற் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். நீரை வேண்டிய வயலுக்கு வேண்டிய அளவே விடுவது நம் உழவர் கலை. மருந்தையும் அங்ஙனம் விட முயல்வது இற்றை நாள் அறிவியல். அம்முயற்சிக்கு இவரது உழைப்பு எங்ஙனம் உதவிற்று என்பதைச் சிறிது காண்போம்.

சுப்பாராவ் மெட்ரிக்குலேஷன் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் இழந்து, எல்.எம்.எஸ். சான்றே பெற்றார். தமையனையும் தம்பியையும் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அத்துயரை நெஞ்சிற் சுமந்தே 1922இல் அவர் பாஸ்டன் நகரடைந்தார். மருத்துவமனையில் இரவு ஏவலாளாய் உழைத்துக்கொண்டே ஹார்வர்டில் ஆராய்ச்சி புரிந்தார்.

1940இல் லெடர்லி ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். 1945இல் அவர்தம் குழுவினர் ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினைச் செயற்கையாக ஆக்கினர். உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தாயிற்று. உருவில் அதனை ஒத்துச் செயலில் அதனைத் தடுக்கும் அமினோப்டெரினையும் அக்கூடத்தார் ஆக்கினர். அதனை 1947இல் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு ஈந்தார். பலருக்கு நோய் சில காலம் தணிந்தது. அதன் இனமான மெதோட்ரெக்ஸேட் இன்றும் வழங்குகின்றது. சுப்பாராவோ 1948 ஆகஸ்டில், தம் 53ஆம் வயதில், அமெரிக்காவிலேயே காலமானார்.

எனினும் ஒரு குறை நின்றது. கரையுடைந்த கண்மாய் நீர் களையோடு பயிரையும் அழித்தல்போல், இம்மருந்து புற்றணுக்களோடு நல்ல அணுக்களையும் தாக்கும். ஆதலின் அறிஞர் அதற்கொரு மடை தேடினர். ஒருபுறம் நீரை விரும்பியும் மறுபுறம் வெறுத்தும் நிற்கும் பாலிமர் இழைகள், நீரிலிட்டவுடன் தாமே திரண்டு நுண்ணிய உருண்டைகளாகும். அவற்றுள் மருந்து அடங்கும். சிலவகைப் புற்றணுக்கள் ஃபோலிக் அமிலத்தை மிகுதியாகப் பற்றியிழுப்பவை. ஆகவே அவ்வுருண்டைகளின் மேற்புறத்தில் அவ்வமிலத்தையே பொருத்துகின்றனர். அணுவினுள் புகுந்தபின், அங்குள்ள அமிலத்தன்மையால் உருண்டை நெகிழ்ந்து மருந்தைச் சிறிது சிறிதாக விடும். ஆய்வுக்கூடங்களில் இம்முயற்சி தொடர்ந்து நடைபெறுகின்றது.

அழிக்கும் மருந்தும் அதற்கு வழிகாட்டும் வைட்டமினும் இவர்தம் உழைப்பின் விளைவுகளே. தேர்விலே தோற்றவர், பட்டம் மறுக்கப்பெற்றவர், உடன்பிறந்தாரை இழந்தவர் இத்துணை ஈந்தாரெனின், மாணாக்கராகிய நாம் நமக்கு அருளப்பட்ட தாலந்தைப் புதைத்து வைத்தல் தகுமோ?