சுரங்கத்துக்குள் இறங்கிய டாக்டர்

(அறிவியல் அறிஞர் வரிசை – அக்ரிகோலா, 1494–1555)

இந்த மாதம் நான் எழுத எடுத்துக்கொண்டவர் எந்த இயந்திரத்தையும் கண்டுபிடிக்காதவர். அப்புறம் ஏன் அவரைப் பற்றி எழுதறேன்னு கேக்கறீங்களா? கடைசி வரைக்கும் படிங்க, தெரியும்.

ஜெர்மனியில் சாக்சனி பகுதியில் கிளவுகாவ் என்ற ஊரில் 1494 மார்ச் 24 அன்று பிறந்தார். வீட்டுப் பெயர் கியோர்க் பாவர். பாவர் என்றால் ஜெர்மன் மொழியில் உழவர். அந்தக் காலத்துப் படித்தவர்கள் தங்கள் பெயரை லத்தீனில் மாற்றிக்கொள்வார்கள். அப்படித்தான் அவர் அக்ரிகோலா ஆனார். லைப்சிக் பல்கலைக்கழகத்தில் படித்தார், ட்ஸ்விக்காவ் ஊரில் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார், பிறகு இத்தாலி போய் மருத்துவம் படித்தார்.

1527-இல் யோவாகிம்ஸ்தால் என்ற வெள்ளிச் சுரங்க ஊருக்கு மருத்துவராகப் போனார். இன்று அந்த ஊர் செக் நாட்டில் இருக்கிறது. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மீதி நேரமெல்லாம் சுரங்கத்தில்தான். தொழிலாளிகளிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சுரங்கத்துக்குப் பெரிய எதிரி எது தெரியுமா? தண்ணீர்! ஆழமாகத் தோண்டத் தோண்ட ஊற்றெடுக்கும். இறைக்காமல் விட்டால் குழி நிரம்பிவிடும். வெள்ளி அடியில் இருந்தும் எடுக்க முடியாது. சுரங்கத்தை மூடினால் வேலையும் போச்சு. ஆட்களும் குதிரைகளும் இரவு பகலாக இறைத்தார்கள். ஆளுக்குக் கூலி, குதிரைக்குத் தீனி. செலவு கட்டுப்படி ஆகவில்லை.

அதற்கு அந்த மலைத் தொழிலாளிகள் கண்ட வழிதான் என்னை ரொம்பக் கவர்ந்தது. மலையில் ஓடும் ஓடையைத் திருப்பி ஒரு பெரிய சக்கரத்தின் மேல் விழவைத்தார்கள். சக்கரம் சுற்றினால் பம்பு ஓடும். அதாவது, தண்ணீரை வைத்தே தண்ணீரை வெளியேற்றினார்கள்!

ஒரு வகைச் சக்கரம் 36 அடி உயரம். அதில் இரண்டு வரிசைத் தொட்டிகள் எதிரெதிர்ப் பக்கம் பார்த்து இருக்கும். ஒரு மதகைத் திறந்தால் இப்படிச் சுற்றும், இன்னொன்றைத் திறந்தால் அப்படிச் சுற்றும். மாட்டுத்தோல் பைகள் ஒன்று ஏற, ஒன்று இறங்கும். நம்ம தாத்தாக்கள் கமலை இறைத்தார்களே, கிட்டத்தட்ட அதே மாதிரி. மாட்டுக்குப் பதில் ஓடை, அவ்ளோதான்.

இன்னொரு வகை அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. உறிஞ்சு பம்பால் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்க முடியாது. காரணம் வளிமண்டல அழுத்தம். இதை டாரிசெல்லி 1640-களில்தான் விளக்கினார். ஆனால் அதற்கு நூறு வருஷம் முன்பே தொழிலாளிகள் அனுபவத்தில் வழி கண்டுவிட்டார்கள். மூன்று பம்புகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தார்கள். அடிப்பம்பு ஒரு தொட்டியில் ஊற்றும், அங்கிருந்து அடுத்தது எடுக்கும், பிறகு மூன்றாவது. மூன்றையும் இயக்க 15 அடிச் சக்கரம் ஒன்றே போதும்.

இதையெல்லாம் செய்த கைகளின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அந்த வேலை நமக்குத் தெரியும். காரணம் அக்ரிகோலா. சுமார் 20 வருஷம் உழைத்து 12 பாகங்களில் உலோகத்தொழில் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். எழுத்து மட்டும் போதாது, பின்னால் வருகிறவர்களுக்குப் புரியவேண்டும் என்று ஓவியர்களுக்குக் கூலி கொடுத்து ஒவ்வொரு கருவியையும் வரையவைத்தார். ஆறாம் பாகத்தில் பம்புகள் இருக்கின்றன. அதே பாகத்தில் ஒரு டாக்டராகவும் எழுதினார். சுரங்கத்தூசி நுரையீரலை அரிப்பதையும், கார்பேத்திய மலைப்பகுதியில் அந்த நோயால் ஏழு கணவர்களை அடுத்தடுத்து இழந்த பெண்கள் இருந்ததையும் அவர் எழுதியிருப்பதைப் படித்தபோது எனக்கு மனசே கனத்துப் போச்சு.

1550-இல் எழுதி முடித்தார். ஆனால் மரக்கட்டையில் படங்களைச் செதுக்க வருஷக்கணக்கில் ஆனது. 1555 நவம்பர் 21 அன்று கெம்னிட்ஸ் நகரில் காலமானார். அந்த நகருக்கு மேயராகவே இருந்தவர் அவர். ஆனால் அவர் கத்தோலிக்கர், ஊரோ அப்போது புராட்டஸ்டன்ட் ஊர். அதனால் அங்கே அடக்கம் செய்ய இடம் கிடைக்கவில்லை. ட்சைட்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். நூல் 1556-இல் பாசெல் நகரில் அச்சாகி வந்தது. அச்சான தன் நூலை அவர் பார்க்கவே இல்லை!

நண்பர்களே, கண்டுபிடிப்பது மட்டும்தான் பெரிய வேலையா? கண்டுபிடித்தவர்களிடம் போய், கேட்டு, பிழையில்லாமல் எழுதிவைப்பதும் பெரிய வேலைதான் என்று நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?

உங்களுக்குத் தெரியுமா?
★ யோவாகிம்ஸ்தால் வெள்ளியில் அடித்த காசுக்கு 'தாலர்' என்று பெயர். 'டாலர்' என்ற சொல் அதிலிருந்து வந்ததுதான்.
★ அக்ரிகோலாவின் நூலை 1912-இல் ஆங்கிலத்தில் தந்தவர்கள் ஹெர்பர்ட் ஹூவரும் அவர் மனைவி லூ ஹூவரும். சுரங்கப் பொறியாளரான அந்த ஹூவர் 1929-இல் அமெரிக்க ஜனாதிபதி ஆனார்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி