சோர்வுக்குக் காரணம் தேடியவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

மன்னர்களின் பெயர்கள் ஊர்களுக்கும் வீதிகளுக்கும் சூட்டப்படுகின்றன. மருத்துவர்களின் பெயர்களோ நோய்களுக்குச் சூட்டப்படுகின்றன! எந்த நோயை உலகுக்கு அடையாளம் காட்டினாரோ, அந்த நோயின் பெயராகவே ஒருவர் நிலைத்துவிடுவது விந்தையான புகழ்தான்.

விலங்கியல் பயிலும் எங்களுக்கு நாளமில்லாச் சுரப்பிகள் என்றொரு பாடம் உண்டு. அட்ரினல் சுரப்பியின் புறணிப்பகுதி குறைவாகச் சுரந்தால் அடிசன் நோய் உண்டாகும் என்று அதில் ஒரு வரி வரும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அந்த ஒரு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பின்னால் ஒரு மனிதர் நிற்கிறார். அவர் வாழ்வை நூலகத்தில் தேடிப் படித்தபோது, மதிப்பெண்ணுக்கு அப்பால் நான் கற்றுக்கொண்டது மிகுதி. அதை என் கல்லூரி நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

தாமஸ் அடிசன் 1793-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் வடபகுதியில், நியூகாசில் நகருக்கு அருகிலுள்ள லாங் பென்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை மளிகையும் மாவும் விற்ற ஒரு கடைக்காரர். ஆயினும் மகனின் படிப்பில் அவர் குறை வைக்கவில்லை. அடிசன் உள்ளூர்ப் பள்ளியில் தொடங்கி, பின்னர் நியூகாசில் இலக்கணப் பள்ளியில் பயின்றார். அக்காலத்தில் கல்வியின் வாயிற்கதவு இலத்தீன் மொழி. அந்தக் கதவைத் திறக்காதவன் மருத்துவமோ சட்டமோ கற்க இயலாது. மளிகைக் கடைக்காரர் மகன் அந்த மொழியை வெறுமனே கற்கவில்லை. வகுப்புக் குறிப்புகளையே இலத்தீனில் எழுதும் அளவுக்கு அதைத் தன்வயப்படுத்திக்கொண்டார். தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஆங்கிலப் பாடநூல்களை அகராதியின் துணையோடு எழுத்துக்கூட்டிப் படிக்கும் என் போன்றவர்களுக்கு இச்செய்தி தரும் தெம்பைச் சொல்லி மாளாது.

மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனோ மருத்துவத்தை நாடி 1812-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1815-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்பு இலண்டன் மாநகர் சென்றார். அங்கே தாமஸ் பேட்மன் என்னும் தோல்நோய் வல்லுநரிடம் பயிற்சி பெற்றார். தோலின் நிறத்தையும் அதன் மாற்றத்தையும் கூர்ந்து நோக்கும் பழக்கம் அவருக்கு அங்கேதான் படிந்திருக்க வேண்டும். பின்னாளில் அவருடைய பெரும் கண்டுபிடிப்புக்கு அப்பழக்கமே கண்ணாக அமைந்தது.

1817 டிசம்பரில் அவர் செய்த செயல் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. டாக்டர் பட்டம் கையில் இருந்தும், இலண்டன் கைஸ் மருத்துவமனையில் 22 பவுன் 1 ஷில்லிங் கட்டணம் செலுத்தி மீண்டும் மாணவராகத் தம்மைப் பதிவு செய்துகொண்டார். பட்டம் பெற்றதோடு படிப்பு முடிந்துவிட்டது என்று அவர் எண்ணவில்லை. தாமஸ் கை என்ற புத்தக வணிகரின் செல்வத்தால் ஏழைகளுக்கென எழுந்த அம்மருத்துவமனையே அதன்பின் அவருக்கு வீடாகவும் உலகமாகவும் ஆயிற்று. 1824-இல் உதவி மருத்துவர். 1827-இல் மருந்தியல் விரிவுரையாளர். 1837-இல் முழு மருத்துவர். படிப்படியான வளர்ச்சி இது.

அவருடன் பணியாற்றியவர் ரிச்சர்டு பிரைட். சிறுநீரக நோயை ஆராய்ந்து, அதனோடு இதயம் பருத்திருப்பதையும் குறித்து வைத்தவர் அவர். இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள உறவை உலகம் அறியத் தொடங்கியது அவர் வழியேதான். பிரைட்டும் அடிசனும் இணைந்து 1839-இல் மருத்துவப் பாடநூல் ஒன்றை வெளியிட்டனர். பிரைட் சிறுநீரகத்தைப் பார்த்தார். அடிசன் அதன் தலைமீது தொப்பி போல் அமர்ந்திருக்கும் சின்னஞ்சிறு சுரப்பியைப் பார்த்தார். ஒரே மருத்துவமனையில் பணிபுரிந்த இருவர் அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளின் மறைபொருளை அவிழ்த்தது அறிவியல் வரலாற்றின் அழகிய பொருத்தம் எனலாம்.

அந்தச் சுரப்பியை 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்றியலார் யூஸ்டேகியஸ் வரைந்து காட்டியிருந்தார். ஆனால் அதன் வேலை என்ன? ஒருவருக்கும் தெரியாது! பிரான்சு நாட்டின் போர்டோ நகர் அறிவியல் கழகம் 1716-இல் இக்கேள்வியையே ஒரு பரிசுப் போட்டியாக அறிவித்தது. 1718-இல் தீர்ப்பு வழங்கியவர் புகழ்பெற்ற சிந்தனையாளர் மாண்டெஸ்கியூ. வந்த கட்டுரைகளில் எதுவும் பரிசுக்குத் தகுதியுடையதன்று என்று அவர் கூறிவிட்டார். அதன் பிறகும் 130 ஆண்டுகளுக்கு மேல் அக்கேள்வி விடையின்றியே கிடந்தது.

அடிசன் அந்த விடையைத் தேடிப் புறப்படவில்லை. அவர் தேடியது வேறு. இரத்தப்போக்கு இல்லை, புற்று இல்லை, வெளிப்படையான காரணம் எதுவுமில்லை; ஆனாலும் சில நோயாளிகள் நாளுக்கு நாள் வெளிறி, இரத்தம் குன்றி இறந்தார்கள். ஏன்? இக்கேள்வி அவரைப் பல ஆண்டுகள் உறுத்தியது. அப்படி இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது, சிலருக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் கெட்டுப்போயிருப்பதைக் கண்டார். 1849-இல் தென் இலண்டன் மருத்துவச் சங்கத்தில் இதை எடுத்துரைத்தார். பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை.

அவர் சோர்ந்துவிடவில்லை. மேலும் ஆறாண்டுகள் பார்த்தார், குறித்தார், ஒப்பிட்டார். 1855-இல் சிறிய நூலொன்றை வெளியிட்டார். அதில் இருந்தவை 11 நோயாளிகளின் வரலாறுகள், வண்ணப் படங்களுடன். அந்நோயாளிகளின் பொதுக் குறிகள் இவை: காரணம் தெரியாத சோர்வு, நலிந்த நாடித்துடிப்பு, வயிற்றுக் குமட்டல், உண்ண மனமின்மை, இவற்றோடு தோல் மெல்ல மெல்லக் கறுத்துப்போதல். இறந்தபின் பரிசோதித்ததில் பலருக்குக் காசநோயும் சிலருக்குப் புற்றும் அச்சுரப்பிகளை அரித்திருந்தன. ஒருவருக்கோ சுரப்பிகள் வெறுமனே சுருங்கிக் கிடந்தன. உடலின் பாதுகாப்புப் படையே தன் உறுப்பைத் தாக்கி அழிக்கும் நிகழ்ச்சியைப் பிற்கால அறிவியல் கண்டபோதுதான் இத்தகைய சுருக்கத்துக்கு விளக்கம் கிடைத்தது.

இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல விழைகிறேன். என் தந்தைக்கு ஒரு தங்கை இருந்தார். நான் பிறப்பதற்கு முன்பே, திருமணமாகாமலே இறந்துவிட்டவர். களை பறிக்கச் சென்றால் பாதி வயலில் வரப்பில் உட்கார்ந்துவிடுவாராம். வேலைக்கு வளையாதவள் என்றது ஊர். உடம்பு கறுத்துக்கொண்டே வந்ததற்கு வெயிலைக் காரணம் சொன்னார்கள். உண்டதை வாந்தி எடுத்தபோது மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒரு மாசி மாதத்தில் இரண்டு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அத்தைக்கு வந்தது அடிசன் நோய்தான் என்று நான் வாதிட வரவில்லை. அந்தச் சோர்வுக்கு ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று ஒருவருக்கேனும் தோன்றவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை. நம்மைப் போன்ற கருநிற மக்களிடம் இந்நோயின் கருமையைக் கண்டுகொள்வது கடினம். ஈறுகள், கன்னத்தின் உட்புறம், உள்ளங்கை ரேகைகள், தழும்புகள் ஆகிய இடங்களில் தேடிப் பார்க்க வேண்டும் என்கிறது மருத்துவ நூல். காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில் அந்தத் தேடல் மிகவும் தேவை.

அடிசனின் நூலை உலகம் உடனே வரவேற்றதா? இல்லை. எடின்பரோவில் அறிஞர் சிலர் ஐயுற்றனர். பாரிசில் துரூசோ என்னும் பேரறிஞர்தாம் அதன் அருமையை உணர்ந்து, அந்நோய்க்கு அடிசன் நோய் என்று பெயரிட்டார். 1856-இல் பிரௌன் செக்கார் என்ற ஆராய்ச்சியாளர் விலங்குகளின் அட்ரினல் சுரப்பிகளை அகற்றிப் பார்த்தார். விலங்குகள் விரைவில் மடிந்தன. பயனற்றது போல் கிடந்த உறுப்பு, உயிர் தரிக்க இன்றியமையாதது என்பது தெளிவாயிற்று. அடிசன் எடுத்துப் பிடித்த மற்றோர் இழையான காரணமற்ற இரத்தசோகை தனி நோய் என்பதும், பி12 உயிர்ச்சத்து உடலில் சேராமையே அதற்குக் காரணம் என்பதும் பின்னர் விளங்கின. ஒரு கேள்வி, இரண்டு நோய்களுக்கு விளக்கேற்றியது!

அவருடைய குணநலன் பற்றியும் கூற வேண்டும். தோற்றத்தில் கம்பீரம், பேச்சில் கண்டிப்பு. ஆனால் அந்தக் கண்டிப்பு பெரும்பாலும் அவருடைய கூச்சத்தை மூடிய போர்வை என்று அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சிறு கூட்டத்தில் பேச எழுந்தாலும் அவருக்குள் நடுக்கம் இருந்ததாம். வகுப்பில் விடை தெரிந்தும் எழுந்து சொல்ல அஞ்சும் என் போன்றோர் இதைக் கவனிக்க வேண்டும். செல்வர் வீட்டு வைத்தியத்தில் பொருளீட்ட அவர் நாட்டம் கொள்ளவில்லை. மருத்துவமனை வார்டிலும் மாணவர்களிடத்திலுமே அவர் மனம் இருந்தது. மாணவர்களும் அவரைப் போற்றினார்கள். அவர்களுள் ஒருவரான சாமுவேல் வில்க்ஸ், ஆசிரியர் மறைந்தபின் மேலும் பல நோயாளிகளின் சான்றுகளைத் திரட்டி, ஆசிரியரின் கூற்று மெய்யே என நிலைநாட்டினார். நல்லாசிரியருக்கு மாணவன் செலுத்தும் காணிக்கை இதனினும் வேறுண்டோ?

இனிச் சொல்வது வருத்தமான பகுதி. அடிசனை வாழ்நாளில் பன்முறை மனச்சோர்வு பற்றிக்கொண்டது. 1860-இன் தொடக்கத்தில் அந்நோயினாலேயே பணியிலிருந்து விலகினார். மாணவர்களுக்கு நன்றி கூறி ஒரு கடிதம் எழுதினார். ஓய்வுக்காகப் பிரைட்டன் கடற்கரை நகரில் தங்கியிருந்தபோது, அவ்வாண்டு ஜூன் 29 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். முன்னோர் மண்ணாகிய கம்பர்லாந்தில், 1847-இல் தமக்குத் திருமணம் நடந்த லேனர்காஸ்ட் ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பிறர் சோர்வுக்குக் காரணம் கண்டவரின் சோர்வைத் தீர்க்க அக்கால மருத்துவத்திடம் ஒன்றுமில்லை. மனத்தின் சோர்வும் உடற்சோர்வு போலவே ஒரு நோய்தான், கோழைத்தனமன்று. இன்று அதற்குச் சிகிச்சை உண்டு, செவிமடுப்போரும் உண்டு. விடுதி அறையில் பல நாளாக எழாமல் முகம் திருப்பிப் படுத்திருக்கும் நண்பனைச் சோம்பேறி என்று எள்ளுவதற்கு முன் இதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடிசன் ஊன்றிய விதை பின்னர் பெருமரமாயிற்று. 1894-இல் ஆலிவரும் ஷேஃபரும், அட்ரினல் சுரப்பியின் சாறு இரத்த அழுத்தத்தை விரைந்து ஏற்றுவதைக் கண்டனர். 1901-இல் ஜப்பானியரான டகாமினே அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார், அதுவே அட்ரினலின். 1932-இல் ஹார்வி குஷிங், பிட்யூட்டரிக் கட்டியால் உடல் பருத்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும் நோயை விவரித்தார். அட்ரினல் புறணியை அளவுக்கு மீறி முடுக்கிவிடுவதே அதன் விளைவு எனப் பின்னர் தெளிந்தது. அடிசன் நூல் வெளிவந்து சரியாக நூறாண்டு கழிந்த 1955-இல், அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான், அதே சுரப்பியில் தோன்றும் சிறு கட்டி ஆல்டோஸ்டீரோனை மிகுதியாகச் சுரந்து கடும் இரத்தக் கொதிப்பை உண்டாக்குவதை விளக்கினார். சுரப்பு குறைந்தால் அழுத்தம் தாழ்கிறது, சர்க்கரை இறங்குகிறது. மிகுந்தால் இரண்டும் ஏறுகின்றன. தெருவுக்குத் தெரு கேட்கும் இரத்தக் கொதிப்பு, நீரிழிவு என்னும் சொற்களுக்குப் பின்னால், எல்லாரிடத்தும் இல்லாவிடினும் சிலரிடத்து, இச்சிறு சுரப்பி மறைந்து நிற்கிறது.

கார்டிசோன் ஆய்வுக்காக ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அன்று அடிசன் பார்த்த நோயாளிகள் இறப்பதைத் தவிர வேறு வழியற்றவர்கள். இன்று அதே நோய் கண்டவர் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு பிள்ளை குட்டிகளோடு வாழலாம். காய்ச்சல் கண்டால் மருத்துவர் சொற்படி அளவைக் கூட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. நீண்ட நாள் ஸ்டீராய்டு உண்டவர்கள் திடீரென அதை விட்டாலும் இதே ஆபத்து நேரும். ஏனெனில் வெளியிலிருந்து வரவு இருந்தவரை அவர்களுடைய சுரப்பி உறங்கிப்போயிருக்கும்.

அடிசன் தம் பெயர் தாங்கிய நோயிலிருந்து ஒருவரையும் பிழைக்க வைக்கவில்லை. ஆயினும் அவரால் பிழைத்தவர்கள் எண்ணற்றோர். மருந்து கண்டவர்கள் பின்னால் வந்தார்கள். தேட வேண்டிய இடத்தைக் காட்டியவர் அவர். அவர் கையில் நவீனக் கருவி இல்லை. இரத்தச் சோதனை இல்லை. உயிரோடிருந்தபோது நோயாளியைக் கண்ணால் பார்த்தார், பார்த்ததை மறவாமல் எழுதினார், காரணமில்லை என்ற விடையை ஏற்க மறுத்தார். ஆய்வகப் பதிவேட்டில் படம் வரையும் ஒவ்வொரு மாணவனாலும் மாணவியாலும் இம்மூன்றும் இயலும். பெரிய ஊரும் பெரிய குடும்பமும் இதற்குத் தேவையில்லை என்பதை ஒரு மளிகைக் கடைக்காரர் மகன் நமக்குக் காட்டிச் சென்றிருக்கிறார்.