அடுத்தவர் கடிதத்தில் பாடம் சொன்னவர்

ஆம்பூர், வாணியம்பாடி என்றதும் தோல் பதனிடும் தொழில்தான் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தில் உள்ளது திருப்பத்தூர்.

அங்கே 1912-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி பிறந்தவர் மு.வரதராசனார். பெற்றோர் இட்ட பெயர் திருவேங்கடம். ஆனால் தாத்தாவின் பெயரான வரதராசன் என்பதே நிலைத்தது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆனார். உடல்நலம் கெட்டது. வேலையை விட்டுவிட்டு, வாலாஜா பக்கத்தில் உள்ள சொந்த கிராமமான வேலத்துக்குப் போனார்.

நோய் வந்ததும் ஒரு நன்மைக்கே!

தாமாகவே தமிழ் படித்தார். 1935-ல் வித்துவான் பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். திருப்பனந்தாள் மடத்தின் 1000 ரூபாய் பரிசு கிடைத்தது. திருப்பத்தூர் பள்ளியிலேயே தமிழாசிரியர் ஆனார். 1939-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போனார்.

வயது வந்த பிள்ளையிடம் நேராகப் புத்தி சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெற்றவர்களுக்கு இது தெரியும். மு.வ.வுக்கும் தெரியும்.

அதனால் அவர் கடிதங்கள் எழுதினார். மகன் தாய்க்கு எழுதுகிறான். அண்ணன் தம்பிக்கு எழுதுகிறான், தங்கைக்கு எழுதுகிறான். அடுத்தவர் கடிதம் என்றால் யாருக்குத்தான் படிக்க ஆசை இருக்காது? யாருக்கோ சொன்ன புத்திதானே என்று வாலிபன் படிக்கத் தொடங்குவான். பாதி படிப்பதற்குள், அந்தத் தம்பி தானே என்பது அவனுக்குப் புரிந்துவிடும். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று இப்படி 4 நூல்கள் வந்தன.

நாவல்களிலும் பாடம் உண்டு. சிலவற்றில் பாத்திரங்கள் பக்கம் பக்கமாக உபதேசம் செய்கிறார்கள் என்று குறை சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால், "அகல் விளக்கு" அப்படி அல்ல. வாலாஜாவில் இரண்டு சிறுவர்கள் சேர்ந்து படிக்கிறார்கள். சந்திரன் அழகன், கெட்டிக்காரன். வேலய்யன் சாதாரணப் பையன். கெட்டிக்காரன் மனம்போன போக்கில் போய்ச் சீரழிகிறான். சாதாரணப் பையன் நிதானமாக வாழ்கிறான். நாம் யாரைப்போல இருக்கிறோம் என்ற கேள்வியை ஆசிரியர் கேட்கவே இல்லை. படிப்பவர் மனமே கேட்கிறது. 1961-ல் இந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது.

குமாஸ்தாவாகத் தொடங்கியவர், 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அந்தப் பதவியில் இருக்கும்போதே, 1974-ம் ஆண்டு அக்டோபர் 10-ந் தேதி காலமானார்.

திருக்குறளுக்கு அவர் எழுதிய சிறிய தெளிவுரை, இன்றும் பள்ளிப் பிள்ளைகளின் கையில் இருக்கிறது.