சும்மா இருக்க உழைத்தவர்

நம்ம ஹாஸ்டல்ல ஃப்ளோருக்கு ரெண்டு பேராவது யூ.பி.எஸ்.சி.க்குப் படிச்சுக்கிட்டு இருப்பாங்க, கவனிச்சிருப்பீங்க. சிபாரிசு வேண்டாம், பரீட்சை எழுதி ஜெயிச்சவங்கதான் அரசு வேலைக்கு வரணும் என்று 1854-ல் பிரிட்டிஷ் அரசுக்கு அறிக்கை கொடுத்த ரெண்டு பேரில் ஒருவர் சார்லஸ் ட்ரெவெல்யன். இந்தியாவுக்கு அதே யோசனையைச் சொன்ன மெக்காலே இவருடைய மச்சான். இந்தக் கதையைத் தேடப் போய்த்தான் அவருடைய இன்னொரு முகம் எனக்குத் தெரிந்தது.

1807-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு டெல்லி வந்தார். இருபத்திச் சொச்சம் வயசுல, தன் மேலதிகாரியே லஞ்சம் வாங்குகிறார் என்று புகார் கொடுத்து, அதை நிரூபித்து, அவர் வேலையைக் காலி பண்ணினார். நம்ம வயசுதான், யோசிச்சுப் பாருங்க. 1840-ல் லண்டன் கஜானாத் துறையின் முக்கிய அதிகாரி ஆனார். மந்திரிகள் மாறுவார்கள், இவர் மாறமாட்டார்.

1845-ல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில் கருகல் நோய் வந்தது. ஏழைகளுக்கு அது ஒன்றுதான் சாப்பாடு. அப்போதைய பிரதமர் பீல், அமெரிக்காவிலிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு மக்காச்சோளத்தை ரகசியமாக வாங்கி மலிவாக விற்க வைத்தார். முதல் வருஷம் ஓரளவு சமாளித்தார்கள். 1846-ல் பீல் ஆட்சி போய் ரஸ்ஸல் வந்தார். அந்த வருஷம் கிழங்கு கிட்டத்தட்ட மொத்தமும் அழுகிப்போனது.

இங்கேதான் ட்ரெவெல்யன் ஒதுங்கி நிற்க முடிவெடுத்தார். அரசே தானியம் வாங்கி விற்றால் வியாபாரிகள் வரமாட்டார்கள், சும்மா சோறு போட்டால் ஜனங்கள் சோம்பேறி ஆவார்கள், அயர்லாந்து ஏழைகளை அங்குள்ள நிலச்சுவான்தார்களே காப்பாற்றட்டும். பஞ்சத்தைக் கடவுள் கற்பிக்கும் பாடமாகவும் பார்த்தார். ஓட்ஸும் வெண்ணெயும் ஏற்றிய கப்பல்கள் அயர்லாந்திலிருந்து போய்க்கொண்டுதான் இருந்தன. பட்டினியில் கிடந்தவர்களை ரோடு போட அனுப்பினார்கள். 1847 மார்ச்சில் அப்படி ஏழு லட்சம் பேர். அந்தக் கூலியில் வயிறு நிரம்பவில்லை.

வேறு வழி இல்லாமல் அரசு கஞ்சித்தொட்டி திறந்தது. அந்தக் கோடையில் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்றினார்கள். கம்ப்யூட்டர் கிடையாது, போன் கிடையாது, பாதி ஊருக்கு ரயிலும் கிடையாது. ஆனாலும் முடிந்தது, சாவும் குறைந்தது. அதாவது வழி தெரியாம, வசதி இல்லாம யாரும் கைவிடல. சில மாதங்களிலேயே அதை மூடினார்கள். இனி உள்ளூர் வரியில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு உதவி கிடையாது என்று சட்டமும் வந்தது. நிலமா கஞ்சியா என்று குடும்பங்கள் முடிவு பண்ண வேண்டியிருந்தது.

1848 ஆரம்பத்திலேயே, பஞ்சம் முடிந்த மாதிரி ஒரு நீளமான கட்டுரை எழுதினார் ட்ரெவெல்யன். அதே வருஷம் சர் பட்டம் கிடைத்தது. பஞ்சம் அதற்குப் பிறகும் தொடர்ந்தது. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேல் கப்பலேறிப் போனார்கள். 1841-ல் 82 லட்சம் இருந்த ஜனத்தொகை 1851-ல் 65 லட்சம். இன்னைக்கு வரைக்கும் அந்தத் தீவு பழைய எண்ணிக்கையைத் தொடலை. ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதிகள்தான் அதிகம் காலியாயின. அந்த மொழி அதிலிருந்து மீளவே இல்லை.

என்னைத் தொந்தரவு பண்றது ஒண்ணுதான். இவர் சோம்பேறி இல்லை, திருடனும் இல்லை. ராத்திரி பகல் பாராமல் கடிதம் எழுதி, கணக்கு சரிபார்த்து, அரசு கூடுதலாக எதையும் செய்துவிடாமல் பார்த்துக்கொண்டார்.

1859-ல் மெட்ராஸுக்கு கவர்னராக வந்தார். இன்றைய ரிப்பன் பில்டிங், நேரு ஸ்டேடியம் இருக்கும் இடத்தில் பீப்பிள்ஸ் பார்க் அமைத்தவர் அவர்தான். புது வருமான வரி மக்களுக்குத் தாங்காது என்று மேலிடத்தை எதிர்த்துத் தன் குறிப்பைப் பகிரங்கமாக வெளியிட்டார். 1860-ல் பதவி போனது. பிறகு நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். 1886-ல் இறந்தார்.

அயர்லாந்து ரக்பி மேட்ச் பார்த்திருந்தால், ஸ்டேடியமே சேர்ந்து பாடும் ஒரு பாட்டைக் கேட்டிருப்பீங்க. பிள்ளைகள் பட்டினி கிடக்காமல் இருக்கத் தானியம் திருடி, நாடு கடத்தப்படும் ஒரு அப்பாவின் பாட்டு. 1970-களில் எழுதியது. அதில் பெயர் சொல்லி வரும் அதிகாரி ட்ரெவெல்யன்.