துடுப்பு ஏந்திய தாய்

படகுப் போட்டி என்றதும் திரண்ட தோள்களையுடைய ஆடவரே நம் கண்முன் தோன்றுவர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்த ஆடவரோடு போட்டியிட்டு வென்ற ஒரு தாயை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவர்தாம் ஆன் கிளான்வில் அம்மையார்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, கார்ன்வால் பகுதியில், தாமார் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் சால்டாஷ். அங்கே 1796ஆம் ஆண்டு ஆன் பிறந்தார். கடலின் ஏற்றவற்றம் வந்துபோகும் அகன்ற ஆறு அது. அவர் இளமையில் அங்கே ஆற்றின் குறுக்கே பாலம் இல்லை; புருனெல் என்னும் பொறியாளர் அமைத்த ரயில் பாலம் 1859இல்தான் திறக்கப்பட்டது. எனவே ஆற்றைக் கடக்க மக்கள் படகுகளையே நம்பியிருந்தனர்.

ஜான் கிளான்வில் என்ற படகோட்டியை ஆன் மணந்தார். பதினான்கு குழந்தைகள் பிறந்தனர். இந்நிலையில் கணவர் நோயுற்றார். படகு கரையில் கிடந்தால் அடுப்பில் உலை ஏறாது. அம்மையார் கலங்கி அமர்ந்துவிடவில்லை. கணவரின் துடுப்பைத் தாமே எடுத்தார். ஆட்களையும் சரக்கையும் ஏற்றிச் சென்று குடும்பத்தைக் காத்தார்.

அன்றாட உழைப்பே அவருக்குப் பயிற்சி ஆயிற்று. தம்மைப் போன்ற சால்டாஷ் பெண்களைச் சேர்த்து, நால்வர் துடுப்பு வலிக்கும் அணி ஒன்றை அமைத்தார். பல ஊர்ப் போட்டிகளில் அவர்கள் ஆடவர் அணிகளையும் தோற்கடித்தனர். பரிசுப் பணம் வீட்டுச் செலவுக்கு உதவியது. நால்வர் படகில் ஒருவர் வலிமை மட்டும் போதாது. நான்கு துடுப்பும் ஒரே கணத்தில் நீரைத் தொட வேண்டும். அந்த ஒற்றுமையே அவர்கள் வெற்றியின் இரகசியம் என்று நாம் எண்ணுகிறோம்.

அவ்வணி கால்வாயைக் கடந்து பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்திற்குச் சென்றது. அங்கும் ஆடவரை வென்று திரும்பியது.  இங்கிலாந்தெங்கும் அவர் புகழ் பரவியது. 1880இல் அவர் மறைந்தார். சால்டாஷ் மக்கள் அவரை மறக்கவில்லை. அவருக்கு அங்கே சிலை உண்டு.

அன்புத் தோழியரே, அம்மையார் புகழைத் தேடிப் படகேறவில்லை. பிள்ளைகளின் பசியைப் போக்கவே ஏறினார். கடமையைச் செவ்வனே செய்தார். புகழ் தானே அவரைத் தேடி வந்தது. நம் கையிலும் ஒரு துடுப்பு உண்டு. அதைத் தளராமல் வலிப்போமா?